பயண ஆல்பமும் பட்டச் சான்றிதழும் ஒரே மேசையில்: வளைகுடாப் பள்ளிக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

அமீரகத்தில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் கல்வியாண்டைத் தொடங்குகின்றன. சென்னையிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் ஆசிரியருக்கு ஜனவரியில் சான்றிதழ்கள் முத்திரைக்குப் போகும், மார்ச் கடைசியில் வாடகை வீடு காலியாகும். ஆல்பம், நெகட்டிவ், ரயில் சீட்டு, பயண டைரி எல்லாம் அந்தக் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். அப்போது செய்ய முடிவது ஒன்றுதான்: அட்டைப் பெட்டியில் அள்ளிப் போட்டுப் பரணில் ஏற்றுவது. மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் பரணின் மே மாதச் சூடும் நவம்பர் ஈரமும் இரண்டே வருடத்தில் படங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்.

இந்த வேலைக்கு ஏற்ற மாதம் ஜனவரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய எப்படியும் ஸ்கேனர் மேசைக்கு வரும். மொத்த வேலைக்கும் அடிப்படை விதி ஒன்று: அசல் இங்கே உறவினர் வீட்டில் தங்கும், நகல் விமானம் ஏறும். சான்றிதழ் மட்டும் விதிவிலக்கு, அங்கே அசலைக் கேட்பார்கள்.

மேசையில் என்ன வேண்டும்

ஏ4 பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்று. நெகட்டிவ் இருந்தால் மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும். அதை விலைக்கு வாங்குவதைவிட ஒரு மாதம் இரவல் வாங்குவது புத்திசாலித்தனம். மெழுகும் வாசனையும் சேர்க்காத டென்டல் ஃப்ளாஸ் நூல், ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய பேலட் கத்தி, ஹேர் டிரையர், கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதி, மென்மையான தூரிகை, 4பி பென்சில். பெட்டிக்குள் வைக்க ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர். ரப்பர் விளிம்புள்ள 20 லிட்டர் பாலிப்ரொப்பிலீன் பெட்டிகள், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் அரை கிலோ, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது அடியில் இருக்கும் முக்கோணக் குறியைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், வாங்கலாம். 3 என்றால் பிவிசி, வேண்டாம். குறி இல்லாவிட்டால் முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசம் வந்தால் அது பிவிசி. அதிலிருந்து கசியும் மென்மையாக்கி படத்தின் மேற்பரப்பைப் பிசுபிசுக்க வைக்கும், தெர்மல் சீட்டின் எழுத்தை அழிக்கும்.

முதல் நாள் சான்றிதழ்கள்

ஆல்பத்தைத் தொடும் முன் இவை முடிய வேண்டும், ஏனென்றால் இவை வீட்டைவிட்டு வெளியே போகப் போகிறவை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பி.எட்., பருவவாரி மதிப்பெண் பட்டியல்கள், அனுபவச் சான்று, திருமணச் சான்று, பிறப்புச் சான்று. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணம், இரண்டு பக்கமும். பின்பக்கம் வெள்ளைத்தாள்தானே என்று விடக் கூடாது, முத்திரைகள் அங்கேதான் ஏறும். திரும்பி வந்ததும் மறுபடி இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து தனிக் கோப்புறையில் போடுங்கள். இணையத்தில் ஏற்றும்போது பல இடங்களில் ஒன்றிரண்டு எம்பிக்குள் கேட்பார்கள், எனவே ஒவ்வொன்றுக்கும் சிறிய பிடிஎஃப் ஒன்றும் இப்போதே தயாராகட்டும்.

ஒரு நாட்டின் சான்றிதழை மற்ற உறுப்பு நாடுகள் ஒரே ஒட்டோடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. அமீரகம் அதில் இல்லை. ஓமான், பஹ்ரைன், சவூதி போகிறவருக்கு மாநில அதிகாரியின் ஒப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டு போதும். அமீரகத்துக்கு முதலில் மாநில அதிகாரியின் ஒப்பம், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சக முத்திரை, பிறகு அமீரகத் தூதரகத்தின் சான்று, போய் இறங்கியபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் சான்று என்று நான்கு படி. நாடு மாறினால் வழியும் மாறும். வேலை உறுதியாகும் முன்பே முத்திரைக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இங்கே சிக்குபவை இரண்டு. ஒன்று லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அன்றைக்கே லேமினேட் செய்து வைத்த சான்றிதழில் முத்திரை பதிக்க முடியாது. ஓரத்தை வெட்டி உரித்தால் பிளாஸ்டிக்கோடு எழுத்தும் பெயர்ந்து வரும். பல்கலைக்கழகத்தில் மறுபிரதிக்கு விண்ணப்பிப்பதுதான் வழி, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே லேமினேஷன் இருக்கிறதா என்று டிசம்பரிலேயே பாருங்கள்.

மற்றது நம் இனிஷியல். சான்றிதழில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணியன்", அனுபவச் சான்றில் "கவிதா எஸ்." என்று இருந்தால் மூன்று பேராகத்தான் தெரியும். மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் நோட்டரி ஒப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்று கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லில் பெயர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2022 நவம்பரில் அமீரகம் அப்படிப்பட்ட பெயருள்ளவர்களைப் பயண விசாவில் அனுமதிப்பதை நிறுத்தியது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் தளர்த்தியது. பள்ளி தருவது வேலை விசா என்றாலும், பின்னால் பார்க்க வரும் அம்மாவுக்கு வருவது பயண விசாதான்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். அதன் ஆயுள் சில மாதங்கள்தான், கடைசியில் வாங்குவதே சரி.

ஒட்டும் ஆல்பம்

1980, 90களின் 'மேக்னடிக்' ஆல்பம்தான் இந்த மேசையில் அதிக நேரம் பிடிக்கும். அட்டையில் பட்டை பட்டையாகப் பசை, மேலே பிளாஸ்டிக் தாள். பசை காலப்போக்கில் மஞ்சளாகி இறுகும், படத்தின் ஓரமும் சேர்ந்து மஞ்சளாகும்.

படத்தைத் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே கைப்பேசியில் படமெடுங்கள். வரிசையும் பக்கத்தில் எழுதிய குறிப்பும் அதில் மட்டும்தான் மிஞ்சும். பிறகு பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக மடித்து எடுக்கவும். முக்கியமில்லாத ஒரு படத்தில் சோதனை: முழங்கை நீளத்துக்கு ஃப்ளாஸ் நூலை எடுத்து, படத்தின் மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் இரு பக்கமும் இழுத்துக்கொண்டே கீழே கொண்டுவாருங்கள். நூல் அட்டையை ஒட்டிப் போக வேண்டும். அட்டை கிழிந்தால் கிழியட்டும்.

நூல் நகராவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, அட்டையின் பின்பக்கத்திலிருந்து அரை நிமிடம் காட்டுங்கள். பின்பக்கத்திலும் படம் ஒட்டியிருந்தால் அதை முதலில் எடுத்தாக வேண்டும், இல்லையேல் சூடு நேராக அதன் முகத்தில் விழும். பிறகு பேலட் கத்தியைத் தட்டையாக நுழைக்கவும். படத்தை வளைத்து இழுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. வளைந்த இடத்தில் ஜெலட்டின் அடுக்கு வெடித்து வெள்ளைக் கோடு விழும், அது போகாது. இன்க்ஜெட்டில் அச்சிட்ட படத்துக்குச் சூடு காட்டவே கூடாது.

ஃப்ரீசரில் வைத்தால் பசை விட்டுவிடும் என்ற யோசனை பல இடங்களில் சொல்லப்படுகிறது. சென்னைக் காற்றில் வெளியே எடுத்த நிமிடமே படத்தின் மேல் நீர் கோர்க்கும், ஆகவே இங்கே வேண்டாம். தின்னர், யூகலிப்டஸ் எண்ணெயும் வேண்டாம். எதற்கும் மசியாத படத்தை ஆல்பத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, அந்த ஒரு தாளை மட்டும் வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்துக்கும் இதே விதி. கண்ணாடியோடு சேர்த்துப் படமெடுங்கள், பிரிக்க முயல வேண்டாம்.

பிசுக்கு மிச்சமுள்ள முதுகுகளுக்கு இடையே கேக் சுடப் பயன்படும், சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாளை வைத்து அடுக்குங்கள்.

சீட்டுகள்

ரயில் அட்டை டிக்கெட், முன்பதிவுச் சீட்டு, பேருந்துச் சீட்டு, போர்டிங் பாஸ் எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும். முதலில் வகை பிரியுங்கள். பழைய அட்டை டிக்கெட் நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும். முன்பதிவு மையத்தின் சீட்டு ரிப்பன் மையில் அச்சானது, மெதுவாகத்தான் மங்கும். இப்போது நடத்துநர் கைக்கருவியில் வரும் சீட்டும், கடை ரசீதும், பெரும்பாலான போர்டிங் பாஸும் தெர்மல் தாள். வெப்பம், வெளிச்சம், கை எண்ணெய், சானிடைசர், பிவிசி உறை எது பட்டாலும் எழுத்து மறையும். அன்றைய ஸ்கேனில் தெர்மல் சீட்டுகளே முதல். எந்தக் காரணத்துக்காகவும் தெர்மல் சீட்டை லேமினேட் செய்யாதீர்கள். அந்தத் தாள் சூட்டில்தான் கறுக்கும், இயந்திரத்திலிருந்து முழுச் சீட்டும் கறுப்பாக வெளியே வரும்.

மங்கிப்போனது என்று தூக்கிப் போடவும் வேண்டாம். வண்ணத்தில் 600 டிபிஐ ஸ்கேன் செய்து, படத் திருத்தியில் சிவப்பு, பச்சை, நீலத் தளங்களைத் தனித்தனியே பார்த்து, எழுத்து சற்றேனும் தெரியும் தளத்தில் மாறுபாட்டைக் கூட்டினால் தேதியும் ஊரும் பல நேரம் திரும்பக் கிடைக்கும்.

ஸ்கேன் கணக்கு

ஏ4 கண்ணாடியில் 4க்கு 6 அங்குலப் படம் நான்கு அடங்கும் என்று தோன்றும். அடங்காது, நீளத்தில் கால் அங்குலத்துக்கு மேல் இடிக்கும். இரண்டு நிமிர்த்தி, ஒன்று படுக்கவைத்து மூன்று வைக்கலாம். பழைய மூன்றரைக்கு ஐந்து அளவு நான்கு அடங்கும். படங்களுக்கு இடையே அரை சென்டிமீட்டராவது விடுங்கள், அப்போதுதான் மென்பொருள் தானே பிரித்து வெட்டும்.

600 டிபிஐயில் ஒரு 4க்கு 6 படம் 3600க்கு 2400 புள்ளிகள், சுருக்காத டிஃப் கோப்பாக 26 எம்பி, நூறு படம் 2.6 ஜிபி. அச்சுப் படத்தில் இதற்கு மேல் விவரம் கிடையாது. 1200 வைத்தால் தாளின் நார்தான் பெரிதாகத் தெரியும், கோப்பு நான்கு மடங்காகும். குடும்பப் பயணப் படங்களுக்கு உயர்தர ஜேபெக் போதும் என்பது என் தீர்ப்பு. கிழிந்தவை, நிறம் போனவை, பின்னால் திருத்தப் போகிறவை மட்டும் டிஃப். ஸ்கேனரின் தானியங்கிக் கூர்மையாக்கலை அணைத்துவிடுங்கள். பத்துப் படத்துக்கு ஒருமுறை கண்ணாடியை ஊதித் துடைக்கவும். ஒரே ஒரு தூசி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

கோப்புப் பெயருக்கு ஆண்டு-மாதம், ஊர், எண் என்ற வரிசை, ஆங்கில எழுத்தில். தமிழ்ப் பெயர் சில ஸ்டுடியோக் கணினிகளிலும் பழைய ஜிப் மென்பொருளிலும் கட்டம் கட்டமாகிவிடும். தமிழ்க் குறிப்பு படக் கோப்புக்குள்ளேயே விளக்கப் புலத்தில் இருக்கட்டும். எக்ஸிஃப்டூல், டிஜிகாம் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டிலும் இதைச் செய்யலாம். உண்மையான தேதியையும் அங்கேயே திருத்துங்கள், இல்லாவிட்டால் கொடைக்கானல் சுற்றுலா முழுவதும் ஸ்கேன் செய்த நாளில் போய் உட்காரும்.

தேதி தெரியாத படத்துக்குப் படமே சாட்சி சொல்லும். கன்னியாகுமரிக் கடலில் விவேகானந்தர் பாறை மட்டும் இருந்து பக்கத்துப் பாறையில் வள்ளுவர் இல்லையென்றால் அது 2000க்கு முன். இரண்டையும் கண்ணாடிப் பாலம் இணைத்திருந்தால் 2024 டிசம்பர் கடைசிக்குப் பின். பழைய பாம்பன் பாலத்தில் மீட்டர் கேஜ் ரயில் போனால் 2007க்கு முந்தியது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலையில் கார் நின்றால் 2017 அல்லது அதற்குப் பிறகு. சீட்டில் "மெட்ராஸ் எழும்பூர்" என்றிருந்தால் பெரும்பாலும் 1996க்கு முந்தியது.

யார், எங்கே என்பதை அம்மாவிடமோ ஆச்சியிடமோதான் கேட்க வேண்டும், அதுவும் புறப்படும் முன்பே. ஆல்பத்தை அவர் மடியில் வைத்து, கைப்பேசியை ஒரு முழத் தூரத்தில் வைத்துக் குரலைப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அதன் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுப் பேசவிடுங்கள். ஆல்பத்துக்கு ஒரு ஒலிக்கோப்பு. ஸ்கேன் செய்த படத்தைவிட இந்தக் கோப்பைத்தான் வெளிநாட்டில் அடிக்கடி திறப்பீர்கள்.

படத்தின் முதுகில் எழுதுவதானால் பென்சில், அதுவும் ஓரத்தில். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முகப்பில் மேடாகத் தெரியும். வழவழப்பான முதுகில் பென்சில் ஏறாது, அவற்றை எழுதிய உறையில் போடுங்கள்.

நெகட்டிவ், டைரி, கேசட்

நெகட்டிவை 2400 முதல் 3200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் போதும். பிளாட்பெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6400 என்பது விற்பனைக் கணக்கு. அகச்சிவப்பு முறையில் தூசி நீக்கும் வசதி வண்ண நெகட்டிவுக்கு அருமையாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் அதை அணைத்துவிட வேண்டும், படத்திலுள்ள வெள்ளியையே தூசி என்று எண்ணி அழிக்கும். பூசணம் பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூசணம் தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்துபோகும். வெளியே எடுத்துப் போய், முகக்கவசம் அணிந்து, உலர்ந்த தூரிகையால் தட்டவும். காடி வாசம் வரும் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, அதை மற்றவற்றோடு வைக்க வேண்டாம்.

டைரியைப் பிளாட்பெட்டில் கவிழ்த்து அமுக்கினால் தையல் விடும். பாதி திறந்து, கீழே புத்தகம் முட்டுக்கொடுத்து, இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து மேலிருந்து படமெடுக்கலாம்.

பழைய வீடியோ கேமராவின் மினிடிவி (MiniDV) கேசட் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். யூஎஸ்பி கம்பியில் பல கேமராக்கள் முழுத் தரத்தைத் தராது, ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும். அந்தத் துளையுள்ள பழைய கணினி வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரரிடம் கொடுங்கள். வெள்ளை படிந்த கேசட்டை ஓட்டிப் பார்க்க வேண்டாம். கருவியின் ஹெட்டையும் கெடுத்து, அடுத்த கேசட்டுக்கும் பரப்பும்.

எது விமானம் ஏறும்

ஒரு ஹார்ட் டிஸ்க், புதிதாக அச்சிட்ட சிறிய ஆல்பம் ஒன்று, வகுப்புக்கான கட்டு ஒன்று. ஹார்ட் டிஸ்க்கும் சான்றிதழ் உறையும் கைப்பையில். பவர் பேங்க்கும் அங்கேதான், அதைச் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

வகுப்புக் கட்டு என்பது பத்துப் பன்னிரண்டு ஏ4 அச்சுகளும் சீட்டுகளின் நகலும். அட்டை ரயில் டிக்கெட்டை மூன்று மடங்காகப் பெரிதாக்கி அச்சிட்டால் கட்டணம், தூரம், தேதி மூன்றும் கணக்குப் பாடத்துக்கு ஆகும். பாம்பனும் தனுஷ்கோடியும் புவியியலுக்கு. வளைகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவை பாடநூல் படத்தைவிட நெருக்கமானவை. பழைய பள்ளி மாணவர்களின் முகம் தெரியும் படங்களை இந்தக் கட்டில் சேர்க்காதீர்கள். அனுமதியில்லாமல் பிறரைப் படமெடுப்பதையும் பகிர்வதையும் அமீரகச் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது.

மயிலிறகு, பவளத்துண்டு, கடல் விசிறி, ராமேசுவரத்துச் சங்கு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது, பவளம் வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. பெட்டியில் இடம் மிச்சம் என்று அம்மா திணிக்கும் மசாலாப் பொட்டலங்களில் கசகசா இருக்கிறதா என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள், அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

நகலும் ஓடிபியும்

மூன்று பிரதி வேண்டும்: கையில் ஒரு டிஸ்க், ஊரில் வேறொரு வீட்டில் ஒரு டிஸ்க், இணைய மேகத்தில் ஒன்று. ஊரில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கப்போவது எஸ்எஸ்டியாக இருக்க வேண்டாம். மின்சாரமே காணாமல் கிடந்தால் தரவு மெல்ல நழுவலாம், சுழலும் ஹார்ட் டிஸ்க்கே மேல். நகலெடுத்த பின் ஷா-256 கூட்டுத்தொகைப் பட்டியல் (ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு குறியீடு) ஒன்றை உருவாக்கி இரண்டு டிஸ்க்கிலும் வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டால் எந்தக் கோப்பு கெட்டது என்று பெயரோடு தெரியும். வாட்ஸாப்பில் வந்த பயணப் படங்களை மூலப் பிரதியாக எண்ணக் கூடாது, அது தேதியையும் இடத்தையும் கழற்றிவிடும். எடுத்தவரிடம் "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

மேகக் கணக்கு பூட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்திய சிம் செயலிழப்பதால்தான். கடவுச்சொல் தெரியும், ஓடிபி போகும் எண் வேறொருவருக்குப் போயிருக்கும். புறப்படும் முன் இரட்டைச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியிலிருந்து ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றி, மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுச் சான்றிதழ் உறையில் வையுங்கள். எண்ணையும் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள்.

வீட்டில் தங்கும் பெட்டி

ஏசி அறையில் பெட்டியைத் திறந்தே ஓர் இரவு வைத்து, காலையில் மீட்டர் 50 விழுக்காட்டுக்குக் கீழே காட்டும்போது மூடவும். 20 லிட்டர் பெட்டிக்குத் துணிப்பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல். தாள்கள் ஈரமாக உள்ளே போனால் எத்தனை கிலோ ஜெல் போட்டாலும் தேறாது. அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் படத்தையும் கெடுக்கும். வேப்பிலையும் வேண்டாம், காய்ந்ததுபோல் இருக்கும் இலையிலும் ஈரம் இருக்கும். வைக்கும் இடம் படுக்கையறைப் பீரோவின் நடுத்தட்டு. பரணில் வெப்பம், தரையில் கரையானும் வெள்ளமும். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் தண்ணீர் புகுந்த வீடுகளில் கீழ்த்தட்டு ஆல்பங்கள்தான் முதலில் நனைந்தன.

பெட்டி மூடியின் உள்பக்கம், வீட்டில் இருப்பவருக்காக ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் எழுத வேண்டியது: ஆரஞ்சு ஜெல் பச்சையானால் 110 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம் வறுத்து, ஆறியதும் திருப்பி வைக்கவும், சமைக்கும் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம். மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்க வேண்டாம். வெள்ளத்தில் நனைந்துவிட்டால் படங்களை ஒட்டிக் காயவிடாமல், குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்கப் பருத்தித் துணியில் நிழலில் பரப்பவும். இரண்டு நாளைக்குள் முடியாவிட்டால் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லவும்.